ரஸீன் நானா சேர்த்துத் தந்த ஆட்கள்

மடுல்சீமையில் அப்பா இருக்கும் தேயிலைத் தோட்ட லயத்தில் சிக்னல் கிடையாது. பஸ்ஸில் இறங்கி வரும்போது பசறைக்குக் கொஞ்சம் முன்னால்தான் போனுக்கு உயிர் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் வந்தது. ஆனால் வழக்கத்துக்கு மாறாகச் செய்திகள் விழுந்துகொண்டே இருந்தன. மருந்துக் கடையில் என்னோடு வேலை செய்யும் பெண் அனுப்பியிருந்ததை முதலில் படித்தேன். "ஸ்டெல்லா அக்கா, போன் கடை ரஸீன் நானா மௌத்தாகிட்டாராம். விடியக்காலை நெஞ்சு வலி. பகல் தொழுகைக்குப் பிறகு அடக்கமாம்." நேரத்தைப் பார்த்தேன். பகல் தொழுகை முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

பக்கத்தில் இருந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, யாருக்காச்சும் ஏதாச்சுமா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சவர் ஒருத்தர்" என்றேன்.

சொன்ன கையோடு வெட்கமாகிவிட்டது. வெறுமனே தெரிந்தவர் என்று சொல்லிவிடக்கூடிய ஆள் இல்லை அவர். வேறு எந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்றும் தெரியவில்லை. பதுளை வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு நானாவை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, படிக்கட்டுக்கு அடியில் இருந்த அந்தச் சின்னக் கடையில்தான் பழக்கம். ஒரு மேசை, ஒரு கண்ணாடிப் பெட்டி, தலை இடிக்கும் உயரத்தில் ஒரு விளக்கு. உடைந்த கிளாஸ் மாற்றுவார், சார்ஜ் ஏறாத போனைத் திறந்து பார்ப்பார், ரீலோட் போடுவார். தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்குச் சிங்களத்தில் வந்த செய்திகளையும் படித்துச் சொல்லுவார். நான் நிற்கும் மருந்துக் கடை இரண்டு கடை தள்ளி. அங்கே நானும் கிட்டத்தட்ட அதையே செய்துகொண்டிருந்தேன். டாக்டர் எழுதியது என்ன, நர்ஸ் சொன்னது என்ன என்று கேட்டுப் பெண்கள் வருவார்கள்.

ஒரு நாள் லுணுகலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி பேசிக்கொண்டிருந்த போனை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நானாவின் கடைக்கு ஓடி வந்தாள். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். வார்டிலிருந்து யாரோ சிங்களத்தில் ஏதோ சொல்கிறார்கள், இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நானா போனை வாங்கிப் பேசினார். பயப்பட ஒன்றுமில்லை, மாற்றுத் துணி கொண்டுவரச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பெண் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அம்மா போய்விட்டார் என்றே நினைத்து ஓடி வந்திருக்கிறாள்.

அவள் போன பிறகு நானா எங்கள் கடை வாசலுக்கு வந்தார். "தங்கச்சி, நீங்களும் நானும் ஒவ்வொருத்தருக்கா சொல்லிக்கிட்டு ஈக்கிறம். கடைய மூடினா இவங்க யார்ட்ட போய்க் கேப்பாங்க? நீங்க அழகா பேசுறீங்க. இதெல்லாம் சின்னச் சின்ன வீடியோவா போடுங்களேன்" என்றார்.

அப்படித்தான் 'பேசிப் பழகுவோம்' தொடங்கியது. ஆஸ்பத்திரியில், பொலிஸில், பேங்கில், பஸ்ஸில் தேவைப்படும் சிங்களம், ஒரு வீடியோவுக்கு ஒரு வாக்கியம். முதல் வாக்கியம் 'மட்ட மெதன ரிதெனவா'. எனக்கு இங்கே வலிக்கிறது என்று அர்த்தம். நானாவின் கடையில், பலகையைப் பாதி இழுத்துவிட்டு எடுத்தோம். வெளியே ஆட்டோக்காரர்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். நானா போய் ஒவ்வொருவரிடமும் கெஞ்சிவிட்டு வந்தார். அந்த வீடியோவைக் கவனித்துக் கேட்டால் தூரத்தில் அவர் குரல் கேட்கும். "கொஞ்சம் பொறுங்க மகன், உள்ளுக்கு டீச்சர் படிப்பிக்கிறாங்க." நான் டீச்சர் இல்லை. மருந்து எடுத்துக் கொடுப்பவள். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது.

பார்க்க ஆள் வரவில்லை. என் அக்கா பார்த்தாள், சர்ச்சில் கூடப் பாடுகிறவர்கள் பார்த்தார்கள், அதோடு நின்றது. சேனலை வளர்ப்பது எப்படி என்று மற்றவர்கள் போட்ட வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். முதல் பத்து நொடியில் ஆளைப் பிடித்துவிட வேண்டும் என்றார்கள். முகப்புப் படத்தில் வாயைப் பிளந்து கண்ணை உருட்ட வேண்டும் என்றார்கள். அப்படியே ஒரு படம் எடுத்து, மேலே மஞ்சள் எழுத்தில் 'இதைத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்க' என்று போட்டு நானாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. இந்தப் படத்துல ஒங்களப் பாத்தா, நீங்கதான் பல்லு வலிக்கு மருந்து கேட்டு வந்த மாதிரி ஈக்கு" என்றார். சிரித்தேன், ஆனால் படத்தை மாற்றவில்லை.

பிறகு சேனலில் ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். முதலில் மெதுவாக, பிறகு தினமும். காலையில் எழுந்ததும் எண்ணைத்தான் பார்ப்பேன். மருந்துக் கடை முதலாளி வாடிக்கையாளர்களிடம் என்னைக் காட்டி, "இவங்க இப்ப பெரிய ஆளு" என்பார். எண்ணைச் சொல்ல நானாவின் கடைக்கு ஓடுவேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, "மாஷா அல்லாஹ்" என்பார். சேர்ந்தவர்கள் கூடிக்கொண்டே போனார்கள், பார்த்தவர்கள் அந்த அளவுக்குக் கூடவில்லை. அது பொருந்தவில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பெரிய எண்ணைப் பார்த்துக்கொண்டு சின்ன எண்ணைப் பார்க்காமல் இருந்தேன்.

பண்டாரவளையில் எங்கள் சபையின் இளைஞர் கூட்டம் ஒன்றில் பேச அழைத்தார்கள். புதிதாகச் சேனல் தொடங்குகிறவர்கள் பார்வையாளர்களைச் சேர்ப்பது எப்படி என்பது தலைப்பு. நானாவையும் வரச் சொன்னேன். கடையைப் பூட்டிவிட்டு, வெள்ளிக்கிழமைக்கு உடுத்தும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் நீளமாகப் பேசினேன். விடாமல் போட வேண்டும், தலைப்பு முக்கியம், நம் வேலையில் தரம் இருந்தால் ஆள் தானாக வரும் என்றெல்லாம் சொன்னேன். 'தானாக' என்ற சொல்லை அழுத்திச் சொன்னது நினைவிருக்கிறது.

கேள்வி நேரத்தில் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி எழுந்தாள். கேலி செய்ய நினைத்தவள் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"அக்கா, உங்க சேனல் எங்கம்மா போன்லயும் இருக்குங்க. பதுளையில போனை ரிப்பேர் பண்ணக் குடுத்து வாங்கினதுலேருந்து வருது. அம்மாவுக்கு எப்படி வந்துச்சுன்னே தெரியல. அது என்ன மாதிரி செய்றதுங்க?"

பின்னாலிருந்து ஒரு பையன், "எங்க மாமா போன்லயும் அப்படித்தான்" என்றான். இன்னொரு மூலையிலிருந்து, "அந்தப் படிக்கட்டுக் கடையா?" என்று ஒரு குரல். சிரிப்பு முன்வரிசை வரை வந்தது. எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. 

நானா எழுந்து நின்றார். "நான்தான் போட்டேன். ரஸீன் என்டு சொல்றது என்னத்தான். அந்தப் புள்ளைக்கு இது ஒண்டுமே தெரியாது. பிழை என்னோடது" என்றார்.  மண்டபம் இன்னும் கொஞ்சம் சிரித்தது. மைக் என் கையில்தான் இருந்தது. நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சபைப் போதகர் ஐயா வந்து ஜெபம் பண்ணிக் கூட்டத்தை முடித்து வைத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால். தெமோதரை தாண்டும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் அவர் கடைக்குப் போய்க் கேட்டேன். ஒரு போனின் பின்பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். நிமிரவில்லை.

"யாரு நானா உங்களச் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லல்ல."

"எல்லாருக்கும் கேக்காமலா போட்டீங்க?"

"மொதல்ல கேட்டுத்தான் போட்டேன் தங்கச்சி. கேட்டு, காட்டி, வெளங்கப்படுத்தித்தான். பொறகு நீங்க ஒவ்வொரு நாளும் ஓடி வந்து எத்தன பேருண்டு சொல்லுவீங்க. கூடாத அண்டைக்கி ஒங்கட முகம் விழுந்து ஈக்கும். அதப் பாத்துட்டு, கேக்காமலும் போடத் தொடங்கிட்டேன்."

அவர் சொன்னது குற்றச்சாட்டு இல்லை. நடந்ததைச் சொன்னார். ஆனால் எனக்கு அது அடித்தது போல் இருந்தது. "என்னைப் பத்தி ஊரே சிரிக்குது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். ஊர் அவரைப் பற்றியும் பேசும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பேசியது, அதுவும் வேறு மாதிரி. போன் திருத்துகிறவரிடம் நாம் போனை மட்டும் கொடுப்பதில்லை, அதற்குள் இருக்கும் எல்லாவற்றையும் நம்பிக் கொடுக்கிறோம். கேட்காமல் ஒன்றைப் போட்டவர் வேறு எதையெல்லாம் திறந்து பார்த்திருப்பார் என்று ஒருவர் கேட்டால் போதும். ஒரு மனிதர் கடை வாசலில் நின்று, "என் சம்சாரத்தோட போட்டோவெல்லாம் பாத்தியா?" என்று கத்தினார். மருந்துக் கடைக்குள் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நானா, "அல்லாஹ் மேல ஆண, அந்த மாதிரி மனுசன் இல்ல வாப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்பது அந்தத் தெருவில் எல்லோரையும் விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். என் கையில் யாருக்கோ எடுத்த இருமல் மருந்து இருந்தது. அதைப் பையில் போட்டுக் கொடுத்தேன்.

அந்த வாரம் சேனலில் ஒரு வீடியோ போட்டேன். உங்களைக் கேட்காமல் இந்தச் சேனல் உங்கள் போனில் சேர்ந்திருந்தால் மன்னியுங்கள், அதை இப்படி நீக்கலாம் என்று படிப்படியாகக் காட்டினேன். "எனக்குத் தெரியாமல் ஒருவர் செய்த வேலை இது" என்றும் சொன்னேன். நானாவின் பெயரைச் சொல்லவில்லை. அதை அவருக்குச் செய்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். யாரைச் சொல்கிறேன் என்று தெரியாதவர்கள் பதுளையில் யாருமில்லை. மலைபோல் நின்ற எண் சரிந்து கீழே வந்தது. அந்த வீடியோவின் கீழே முதல் ஆளாகக் கருத்து எழுதியிருந்தவர் நானா. "மிச்சம் தெளிவா சொல்லி ஈக்கிறீங்க தங்கச்சி. எல்லாருக்கும் பிரயோசனமா ஈக்கும்." குத்திக் காட்டத் தெரியாத மனிதர். உண்மையாகவே மிகத் தெளிவாக இருந்தது என்று நினைத்துத்தான் எழுதியிருப்பார். நான் அதற்குப் பதில் எழுதவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வாழப் பழகிக்கொண்டோம். நான் ரோட்டின் அந்தப் பக்கமாக நடந்து பஸ் ஏறினேன். என்னைக் கண்டால் அவர் மேசைக்கு அடியில் எதையோ தேடுவார். கோபம் இல்லை, இரண்டு பேருக்கும் வெட்கம். கோபமாக இருந்திருந்தால் ஒரு நாள் கத்தித் தீர்த்திருக்கலாம். சில மாதம் கழித்துக் கடையில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். நானா கடையை விட்டுவிட்டு வீட்டிலேயே வேலை பார்ப்பதாகச் சொன்னார்கள்.

ஒரு பகலில் லெட்சுமி என்ற பெண் மருந்து வாங்க வந்தார். மடுல்சீமையில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். என்னைப் பார்த்ததும், "நீங்கதானே அந்த வீடியோ தங்கச்சி?" என்றார். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அவர் விடவில்லை. இரவில் மகனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கெல்லாம் தானே சிங்களத்தில் பதில் சொன்னாராம். எப்போது தொடங்கியது, எத்தனை தடவை வந்தது, என்ன மருந்து கொடுத்தது.

"ரோசம்மா, கங்காணி பொண்டாட்டி, எல்லாரும் கூட நின்னாங்க. நான்தாங்க பேசுனேன்" என்றார்.

"எங்க பாத்தீங்க நம்ம சேனல?"

"போன் கடை நானாதான் போட்டுக் குடுத்தாரு. போடட்டுமான்னு கேட்டுத்தான் போட்டாரு. போட்டுட்டு சும்மா அனுப்பலீங்க. ஸ்டூல்ல உக்கார வச்சு, ஒவ்வொண்ணா சொல்லச் சொன்னாரு. எனக்கு நாக்கு பொரளல. ஆளுங்க காத்துக்கிட்டு நின்னாங்க. பொறுங்க, இவங்க பாடம் படிக்கிறாங்கன்னு சொல்லிட்டாரு. எங்க டிவிசன்ல ஒரு எட்டுப் பேரு இப்படித்தாங்க படிச்சோம்."

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. சேனலை நீக்கிவிட்டுப் போனவர்களைச் சேர்த்தவர் நானா என்று தெரியும். போகாமல் நின்று பார்த்தவர்களைச் சேர்த்தவரும் அவர்தான். வாயைப் பிளந்து எடுத்த படத்தைப் பார்த்து வந்தவர்கள் யாரும் இல்லை. மண்டபத்தில் நான் சொன்ன வித்தைகள் எதுவும் ஒருவரையும் கொண்டுவரவில்லை.

அன்றைக்கே கடை முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். முன் அறையில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனவள், அவரைப் பார்த்ததும், "போன் சார்ஜ் ஏறுதில்ல நானா" என்றேன். என் போனுக்கு ஒன்றும் இல்லை. அவர் அதை வாங்கிப் பார்த்தார், ஊதினார், துடைத்தார். "இப்ப ஏறுது தங்கச்சி" என்று திருப்பிக் கொடுத்தார். அதில் பழுது ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? பிறகு, "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். குடித்தேன். லெட்சுமி அக்கா சொன்னதை மட்டும் சொன்னேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேட்டார். "அந்தப் புள்ள மிச்சம் கஷ்டப்பட்டுத்தான் படிச்சிச்சு" என்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை போயிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அடுத்த முறை சொல்லலாம் என்று எழுந்து வந்தேன்.

செய்தி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆண்கள் அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து திரும்பிவிட்டார்கள். அவருடைய மனைவி நஸீமா ராத்தா உள்ளறையில் பெண்களோடு இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுது முடித்திருந்தார்.

"ஒங்கட வீடியோ வந்தா சத்தமா வச்சுக் கேப்பாரு. நான் ஏசுவேன், வேல ஈக்கிற மனுசன் இதென்ன பள்ளிக்கூடமாண்டு" என்றார். பிறகு குரலை உயர்த்தாமல், "அந்தக் கடைய விட்டதுதான் அவருக்கு மிச்சம் கவல. சாப்பிட மாட்டாரு. படிக்கட்டுப் பக்கம் போகவே மாட்டாரு. நீங்க ஒரு சொல்லு பேசி ஈக்கலாம் தங்கச்சி" என்றார்.

"ஆமாங்க ராத்தா" என்றேன்.  அவர் கையை விடவில்லை. எனக்கோ தலையை நிமிர்த்த முடியவில்லை.

சில நாள் கழித்துத் திரும்பவும் போனேன். நானாவைப் பற்றி ஒரு வீடியோ போடட்டுமா, அவர் யார் என்று எல்லோருக்கும் பெயரோடு சொல்லட்டுமா என்று கேட்டேன். ராத்தா உடனே தலையை ஆட்டினார்.

"வேணாம். அவருட பேரத் திரும்ப அதுல போடாதீங்க. கீழ ஆளுக்காள் எழுதுவாங்க. எனக்கு அதப் பாக்க ஏலாது."

"சரிங்க ராத்தா."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுதுறதுண்டா எழுதுங்க. அவரு செஞ்ச பிழையையும் எழுதுங்க. ஒங்கடதையும் எழுதுங்க" என்றார்.

எழுதிவிட்டேன். எழுதியதை அவருக்குப் படித்தும் காட்டினேன். இரண்டு இடத்தில் நான் அவரை நல்லவராகக் கூட்டிச் சொல்லியிருக்கிறேன் என்றார். அந்த இரண்டையும் எடுத்துவிட்டேன்.

இப்போது மருந்துக் கடைக்கு வரும் பெண்கள் கேட்டால் மேசையைச் சுற்றி வெளியே வந்து பக்கத்தில் உட்காருகிறேன். போனில் போடட்டுமா என்று கேட்கிறேன். வேண்டாம் என்றவர்களிடம் போனை அப்படியே திருப்பிக் கொடுக்கிறேன். வேண்டும் என்றவர்களுக்கு நாக்குப் புரளும்வரை கூட இருக்கிறேன். முதலாளி முறைக்கிறார். எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டேன் என்று இங்கே எழுத ஆசைதான். விடவில்லை. காலையில் எழுந்ததும் பார்க்கிறேன். ஒருவர் கூடியிருந்தால், நானா யாரையோ பிடித்து உட்கார வைத்துவிட்டார் என்று ஒரு நொடி தோன்றிவிடுகிறது. அடுத்த நொடி அவர் இல்லை என்பது நினைவுக்கு வருகிறது. அதற்கடுத்து வெட்கம் வருகிறது. நானாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த வெட்கம்தான். அதை நான் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை.